வாலுக்கு ஓர் உறை

தளபதியின் வாலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கச் சுலபமான வழி ஒன்று இருந்தது. தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு நீளமான சால்வையைத் தொங்கவிட்டு, வாலை அதற்குள் தள்ளிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பியதும் என் சொந்த வேலை ஆரம்பமாகும். பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில், ஒற்றை அறையில் இருந்து வந்துகொண்டிருந்த சிறுவர் மாத இதழுக்கு நான் படக்கதை வரைந்துகொண்டிருந்தேன். நம் மேற்கு மலைக்குள்ளே யாருக்கும் தெரியாத ஒரு நாடு. அதில் நாய் முகமும் மனித உடம்புமாக ஒரு ஜனம். இரண்டு காலில் நடப்பார்கள், கையில் வாள் பிடிப்பார்கள், வரி கட்டுவார்கள், பெண் பார்க்கப் போவார்கள். கழுதைப்புலி முகத்துக்காரர்கள் அவர்கள் மேல் படையெடுத்து வருகிறார்கள். அவர்களை எதிர்த்து நிற்பவன்தான் தளபதி.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், கால் நின்றால் பென்சில் மேஜையைத் தட்டும். பஸ்ஸில் சீட்டு கிடைத்தாலும் எழுந்து நின்றுகொண்டு வருவேன். "ஏட்டி, உனக்கு வாலு ஒண்ணுதான் இல்ல" என்பாள் அம்மா. கோபம் வந்துவிட்டால் இல்லாத அந்த வாலை ஒட்ட நறுக்கப் போவதாகவும் சொல்வாள்.

இதழின் ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் கண் பொல்லாத கண். நான் கொண்டுபோன பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே கடையில் பால் சுண்டுகிற வாசனை மாடி வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

"நெஞ்சுக்கு இரும்பு, முழங்காலுக்கு இரும்பு, காதுக்குக்கூட ஓட்ட வச்சு இரும்பு. வாலு எங்கம்மா?"

"சால்வைக்குள்ள இருக்கு சார்."

"சண்டையில சால்வ நிக்குமா? காத்தடிச்சாத் தூக்காதா? உள்ள வாலு அம்மணமாத் தொங்குமே. எதிரி வேற எங்கயும் வெட்ட வேண்டாம். பின்னால வந்து அதப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், கத முடிஞ்சது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடிவும் சொல்லிவிட்டார். "வாலுக்கு ஒரு கவசம் போடு தாயி. சும்மா அழகுக்குப் போடாத. படிக்கிற பிள்ளைக அட்டையில வெட்டி இடுப்புல மாட்டிக்கிட்டு ஓடணும், அந்த மாதிரிப் போடு. முடியலையா, வாலையே எடுத்துரு. சண்டையில போச்சுன்னு ஒரு வரி எழுதிக்கிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. தளபதியை நான் மனதிலிருந்து வரையவில்லை. எங்கள் வீட்டு நாயைப் பார்த்து வரைந்தேன். சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நெடுநெடுவென்று கால், ராஜபாளையம் நாய்க்கு அதே ஊரில் பிறந்த திமிர். அதற்கு ஒரு பெயர் உண்டு, அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும். முகத்தில் அந்த நாய் எதையும் காட்டிக்கொள்ளாது. சந்தோஷம், சந்தேகம், திருட்டுத்தனம் எல்லாம் வாலில்தான் தெரியும். வாலை எடுத்துவிட்டால் தளபதி ஊமை. அதைச் சொன்னால் ஆசிரியர் சிரிப்பார் என்று, விறைப்பாகப் பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

அதே வாரத்தில்தான் வீட்டில் ரத்தம் பார்த்தோம்.

எங்கள் வீடு நீளவாக்கில் போகிற வீடு. தெருக்கதவிலிருந்து முற்றம் வரைக்கும் குறுகலான ஒரு நடை. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்பா மில்லில் பிட்டர். ஷிப்டு விடுகிற சங்கு ஊதியதும் நாய் எழுந்து நடையில் வந்து நிற்கும். சைக்கிள் மணி கேட்டதும் வால் ஆட ஆரம்பிக்கும். அது சாதாரண ஆட்டம் அல்ல. இந்தச் சுவரில் ஒரு அடி, அந்தச் சுவரில் ஒரு அடி, சவுக்கால் அடிப்பது போலச் சத்தம் கேட்கும். அந்த வருச மழையில் சுவர் ஊறிப்போனதால் அப்பா இடுப்பளவுக்குச் சிமெண்டை வாரி அடித்துச் சொரசொரவென்று பூசியிருந்தார். கொத்தனாரைக் கூப்பிடாமல் தானே செய்த வேலை என்று அதில் அவருக்குப் பெருமை வேறு.

நான் வேலை விட்டு வந்தபோது நடையின் இரண்டு பக்கச் சுவரிலும் சிவப்புச் சிவப்பாகத் தெறித்திருந்தது. அம்மா வாளியும் துணியுமாக நின்றாள். "கோழி அறுத்த மாதிரி கெடக்கு பாரு. வாலு நுனி வெடிச்சிருச்சு. அப்பவும் ஆட்டத்த நிறுத்த மாட்டேங்கு சனியன்." நாய் என்னைப் பார்த்ததும் மறுபடி ஆட்டியது. என் பாவாடையிலும் ரத்தம் தெறித்தது. அப்பா சுவரையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார். நுனி வாலில் சதை கிடையாது, தோலும் எலும்பும்தான், ரத்த ஓட்டமும் குறைவு, அடி படாமல் இருந்தால்தான் ஆறும் என்றார். "இந்த ஜாதிக்கு இது வழக்கமா வர்றதுதான். மாசக் கடைசிக்குள்ள ஆறலைன்னா சதை இருக்கிற இடம் வரைக்கும், பாதி வால எடுத்துடலாம். விட்டா அழுகிப் போயிடும்."

திரும்பி வரும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் கூட நடந்தேன். "நான் ஒரு உறை செஞ்சு தாரேன்ப்பா" என்றேன். ஏதோ தினமும் வாலுக்கு உறை செய்து விற்கிறவள் மாதிரி. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மாசக் கடைசி என்கிற கெடு இரண்டு பேருக்கும் சேர்த்து விழுந்துவிட்டது. தளபதி வாலுக்கும் அதே கெடுதான், இதழ் அச்சுக்குப் போகிற நாள்.

முதலில் பேண்டேஜ் துணி. எங்கள் சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்வதே அதுதான், பஞ்சம் இல்லை. நன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நாய் ஒரே ஆட்டு ஆட்டியது. மொத்தக் கட்டும் உருவிக்கொண்டு பறந்து போய் அம்மாவின் ரசச் சட்டிக்குள் விழுந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்த கச்சேரியை விட்டுவிடுகிறேன்.

அந்த ரசத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. கையில் ஒன்றை மாட்டினால் முழங்கையிலோ மணிக்கட்டிலோ தடுத்து நிற்கும். வாலில் தடுக்க எதுவும் கிடையாது. அடியில் பருத்து நுனிக்குப் போகப் போகச் சிறுத்துவிடுகிறது. நழுவுவதற்கென்றே அமைந்த உறுப்பு அது. ஆகவே வாலின் கவசம் வாலில் நிற்காது, இடுப்பில்தான் நிற்க வேண்டும். இடுப்புப் பட்டையிலிருந்து நாடா இறங்கி வந்து உறையைப் பிடித்திருக்க வேண்டும். தளபதிக்கு வாள் தொங்குகிற பட்டை ஏற்கெனவே இருந்தது, அதன் பின்பக்கத்தில் இரண்டு வளையம் போட்டேன். நாய்க்குப் பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை தைத்தேன்.

அடுத்தது மில் கோன். நூல் சுற்றுகிற காகிதக் கூம்பு. நுனி உடைந்தது, நசுங்கியது என்று அப்பா ஒரு சாக்கில் கொண்டுவந்து போட்டார். ஒன்றுக்குள் ஒன்று செருகினால் வால் மாதிரியே வளைந்தது. தரையில் பரப்பி வைத்துக்கொண்டு எது எதன் மேல் ஏற வேண்டும் என்று யோசித்தேன். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருப்பது மாதிரி, உடம்புப் பக்கத்துத் துண்டு நுனிப் பக்கத்துத் துண்டின் மேல் ஏறியிருந்தால் முன்னால் ஓடும்போது முள்ளும் கிளையும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பின்னாலிருந்து குத்துகிற ஈட்டி இடைவெளியில் புகுந்துகொள்ளும். திருப்பி அடுக்கினால் ஈட்டி வழுக்கும், முள் மாட்டும். அப்படியானால் தளபதி எப்படிப்பட்டவன்? ஓடுகிறவனா, நிற்கிறவனா? ஒரு கதாபாத்திரத்தின் குணத்தை அவன் வாலில் போய்த் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. எழுந்து முற்றத்தில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் முள்ளுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று முடிவு செய்தேன். எதிரி வருசத்தில் ஒருநாள் வருவான், மலையில் முள் தினமும் இருக்கும்.

உட்காருகிற பிரச்சினை அதைவிடப் பெரியது. தளபதி சம்மணம் போட்டுச் சாப்பிட்டால் அத்தனை கூம்பும் எங்கே போகும்? துண்டை முறுக்கி என் இடுப்பில் பின்பக்கம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வால் இருக்கிறவன் நேராக உட்கார முடியாது, ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்கார முடியும். அப்படியானால் அவன் வாளைத் தொங்கவிடுவது மறுபக்கம் இருக்க வேண்டும். பழைய பக்கங்கள் அத்தனையிலும் வாள் தப்பான பக்கத்தில் இருந்தது. நான் துண்டு வாலோடு உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்ட நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா மோர் வாங்க உள்ளே வந்தார். தெலுங்கு பேசுகிற வீடு. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், அப்புறம் கோனையும் நாயையும் பார்த்தார். "தோகக்கி சொக்காயா?" என்றார். தோக என்றால் அவர்களுக்கு வால். வாலுக்குச் சட்டையா என்று கேட்டது தெரு முழுக்கப் பரவி, நான் பஸ் ஏறப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாய் வால் என்றதும் எல்லாருக்கும் ஒரே ஒரு பழமொழிதான் ஞாபகத்துக்கு வரும். அதைச் சொன்ன ஒவ்வொருத்தரோடும் சண்டை போட்டேன்.

கோன் உறையை நாய் சாயங்காலத்துக்குள் கடித்துத் தின்றுவிட்டது.

இதற்கிடையில் அப்பா சும்மா இருக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே உளியும் சுத்தியலும் எடுத்துத் தான் பூசிய சிமெண்டை அத்தனையும் கொத்தி எடுத்துவிட்டு வழவழப்பாகப் பூசினார். சாக்கு தொங்கவிட்டார். நாயை முற்றத்தில் விட்டுப் பார்த்தார். அங்கே ஆட்டுக்கல்லில் அடித்தது, கிணற்றுச் சுவரில் அடித்தது, அண்டாவில் அடித்தது. ஆட்டுகிற நாய்க்கு எல்லா இடத்திலும் சுவர்தான். காயம் ஒவ்வொரு நாளும் புதிதாக வெடித்தது. எனக்குத் தெரியாமல் அவர் தகரக் கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வாலுக்கு ஒரு ஒற செய்யணும். இம்புட்டு நீளம். நுனிக்குப் போகப் போகச் சிறுத்து வரணும். கனம் கூடாது. இடுப்புல மாட்டுத மாதிரி இருக்கணும்." நாய் என்கிற வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கூச்சம். வயசான மனிதர், மில்லில் நாலு பேரை வேலை வாங்குகிறவர், நாய் வாலுக்கு உறை என்று எப்படிச் சொல்வார்? எங்கள் பக்கத்துப் பேச்சில் வாலுக்கும் வாளுக்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. தகரக் கடைக்காரர் ஏதோ நாடகத்துக்கு என்று நினைத்துக்கொண்டு மனம் வைத்துச் செய்திருந்தார். தட்டையாக, பளபளவென்று, ஓரத்தில் பூங்கொடி எல்லாம் தட்டி, இடுப்பில் மாட்ட வளையமும் வைத்து, ராஜா இடுப்புக்கே ஏற்ற வாள் உறை.

அப்பா அதை நடையில் சாய்த்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. அப்பாவும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்காரரு சொன்ன நாளு வந்துட்டு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபோது என் விக்கல் தானாக நின்றது. அந்தச் சுவரைப் பூசியது அவர் கை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

கடைசியில் வேலைக்கு ஆனது பவுடர் டப்பா. அடியையும் மூடியையும் வெட்டி எடுத்து, காற்றுப் போக ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே பஞ்சு மெத்தை வைத்துப் பேண்டேஜ் துணியால் தைத்தேன். நுனி வால் டப்பாவின் எந்தப் பக்கத்திலும் படாமல் நடுவில் நிற்கும்படி செய்தேன். அதிலிருந்து வாலின் இரண்டு பக்கமும் நாடா, குறுக்கே பிளாஸ்திரி, வயிற்றுப் பட்டையில் முடிச்சு. கனமே இல்லை. நாய் திரும்பிக் கடிக்கப் பார்த்தது, தகரம் என்றதும் விட்டுவிட்டது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தளபதியின் கவசத்தையும் அதே மாதிரி வரைந்தேன். ஓடு போல அடுக்கிய இரும்பு வளையங்கள், உள்ளே பஞ்சு மெத்தை, நுனியில் காற்று ஓட்டை போட்ட ஒரு குப்பி, எல்லாம் இடுப்புப் பட்டையில் போய் முடிகிற தோல்வார். குறுக்கே வெட்டிக் காட்டி அம்புக்குறி போட்டு விளக்கமும் எழுதினேன். ஆசிரியர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நிக்கும்" என்றார். நடுப்பக்கம் இரண்டையும் கொடுத்தார். இதழ் வந்த கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாண்டில் ஒரு பயல் அட்டை வாலோடு ஓடுவதை நானே கண்ணால் பார்த்தேன்.

டப்பா மாட்டிய முதல் நாள் சங்கு ஊதியது. நாய் எழுந்து நடைக்குப் போனது. சைக்கிள் மணி கேட்டது. வால் ஒரு வீச்சு வீசியது. டங் என்று தகரம் சுவரில் மோதிய சத்தத்தில் நாயே துள்ளிக் குதித்துத் திரும்பிப் பார்த்தது. மறுபடி ஒரு வீச்சு, மறுபடி டங். அவ்வளவுதான். வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு முற்றத்தில் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. நான் டப்பாவுக்கு மேலே துணி சுற்றினேன், சத்தம் நின்றது. ஆனால் நாய் ஆட்டவில்லை. மறுநாளும் ஆட்டவில்லை. பின்னால் ஏதோ ஒன்று தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அது முடிவு கட்டிவிட்டது.

ஆட்டாததால் காயம் ஆறியது. டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, "யாரு செஞ்சா இத? நல்லா இருக்கே" என்றார். நான் நெளிந்தேன். மாசக் கடைசி வந்தது, போனது. வால் தப்பித்துவிட்டது.

வீட்டில்தான் எதுவோ சரியில்லாமல் போனது. அப்பா வரும்போது நாய் நடைக்கு வரும். தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். வால் கயிறு மாதிரி தொங்கும். அப்பா குனிந்து தலையைத் தடவிவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நாளில் பின்பக்கச் சந்து வழியாக வர ஆரம்பித்தார். கேட்டால் வண்டி பஞ்சர் என்பார். "அவிய சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்காவ, உள்ள எறங்க மாட்டேங்கு" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். எனக்கு அது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது. ஆனால் என் உறை ஜெயித்திருந்தது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் சொன்னதுதான் கடைசி இடி. தோல் மூடிவிட்டது, ஆனால் ரொம்ப மெல்லிசு. உறையைக் கழற்றினால் முதல் அடியிலேயே திரும்ப வெடிக்கும். ஒன்று, உறை எப்போதும் இருக்க வேண்டும். இல்லை, எடுத்துவிட வேண்டும்.

"அப்ப ஒற இருக்கட்டும்" என்றேன் நான்.

"எடுத்துருங்க" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் கத்தினேன். "ஆறிருச்சுல்லப்பா! என் ஒறையாலதான ஆறுச்சு? எம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சேன். இப்பப் போயி நல்லா இருக்க வால வெட்டுதேங்கியளே!"

"ஆறுச்சு. யாரு இல்லேன்னா?"

"பொறவு என்ன?"

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பிறகு கேட்டார். "உன் கதையில ஒருத்தன் வாரான்ல, தளபதி. அவன் சண்ட முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அதக் கழட்டி வச்சுருவான்ல?"

அப்பா என் படக்கதையைப் படிக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தளபதி வீட்டுக்குப் போகிற மாதிரி நான் ஒரு படம்கூட வரைந்ததில்லை.

"கழட்டுவான்" என்றேன்.

"அவனுக்குக் கை இருக்கு, கழட்டுதான். இதுக்கு?" நாய் அவர் காலடியில் வால் தொங்க நின்றுகொண்டிருந்தது. "முழு வாலும் தொங்கிக்கிட்டுக் கெடக்கதுக்குப் பாதி வாலு ஆடட்டும் தாயி."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் எல்லார் மேலும். வாலுக்குக் கத்தி வைத்த அன்று அப்பா உள்ளே போய் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வேப்பமரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். மாட்டைக் கட்டிவிட்டுக் காத்திருந்த ஒருத்தர், "உக்காரும்மா, பாக்கவே கிறுகிறுங்கு" என்றார். உட்கார முடியவில்லை.

தையல் பிரிக்கிற வரைக்கும் நாய் வாலை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அன்று சாயங்காலமே இரண்டு வேட்டியும் துண்டும் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "நான் இருந்தா ஆட்டும்" என்றார். சைக்கிளை மில் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, அங்கேயிருந்து பஸ்ஸில் மில்லுக்கு வந்து போனார். வேலை விட்டு வரும் வழியில் நான் அத்தை வீட்டில் எட்டிப் பார்ப்பேன். "சாப்பிடுதா?" என்பார். சாப்பிடுகிறது என்பேன். "சங்கு ஊதினா எந்திரிக்கா?" என்பார். எழுந்திருக்கிறது, நடை வரைக்கும் போகிறது, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. சில நாள் சொன்னேன், சில நாள் பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அந்த மாதப் பக்கங்களில் தளபதி வீட்டுக்கு வந்தான். பழைய கவசத்தில் ஒரு குறை இருந்தது. வார்களை அவிழ்க்க இன்னொரு ஆள் வேண்டும். அதை மாற்றி, இடுப்பில் முன்பக்கம் ஒரு கொக்கி வைத்தேன். ஒற்றைக் கையால் இழுத்தால் மொத்த உறையும் கழன்று விழும். வாசற்படியில் நின்று அவன் அதை இழுக்கிற மாதிரி ஒரு பெரிய படம். "சண்டையே இல்லாம ஒரு பக்கமா?" என்று ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். சண்டை வேண்டுமானால் நான் போடுகிறேன் என்று சொன்னேன். படத்தைப் போட்டார்.

தையல் பிரித்த அன்று அப்பாவுக்குத் தகவல் சொன்னேன். மறுநாள் எனக்கு ஆபீசில் கை ஓடவில்லை. ஒரே தாவா மனுவை மூன்று தடவை தப்பாக அடித்தேன். வக்கீலிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே பஸ் ஏறினேன். வீட்டில் அம்மா எதையோ துடைத்துக்கொண்டு நடையிலேயே நின்றாள், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

சங்கு ஊதியது. நாய் எழுந்தது. நடையின் நடுவில் போய் நின்றது. பின்பக்கத்தில் ரோமம் மழித்த இடம் இன்னும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. முன்னாலே அத்தனை நீளம் இருந்த இடத்தில் ஒரு சாண்கூட இல்லாத ஒரு கட்டை. சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டது. கட்டை அசையவில்லை. மணி வாசலுக்கு வந்தது. அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். அவரும் உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. கை ஹாண்டில்பாரில் இறுகியிருந்தது. நாய் தலையைத் திருப்பித் தன் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் அப்பாவைப் பார்த்தது. இனி ஆட்டாது, நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதன் வாயை அடைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கட்டை லேசாக ஒரு பக்கம் போனது. மறுபக்கம் வந்தது. அப்புறம் ஆட ஆரம்பித்தது பாருங்கள், வால் போதாமல் இடுப்பு, இடுப்பு போதாமல் முதுகு, மொத்த நாயும் ஆடியது. இரண்டு பக்கத்துச் சுவரிலும் எதுவும் படவில்லை. அந்த நடையில் முதல்முறையாகச் சத்தமே இல்லாத ஓர் ஆட்டம்.

நான் அழுதேன். அதை மறைக்கத் தோன்றவில்லை. அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"உள்ள வாங்க, தெருவே பாக்கு" என்றாள் அம்மா.

"இரு" என்றார் அப்பா. "செத்த நேரம் ஆட்டட்டும்."